நாகப்பட்டினத்தைக் கட்டியவர்கள் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் சுவரில் ஒரு ராஜாவின் பெயரைப் பார்த்ததும் "இது அவர் கட்டியது" என்று சொல்லிவிட்டு அடுத்த சன்னிதிக்குப் போய்விடுகிறோம். நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊரில் இந்தப் பழக்கம் நம்மைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடும். இங்கே பணம் கொடுத்தவர் ஒருவர், நிலம் விட்டவர் இன்னொருவர், விளக்குக்கு ஆடு விட்டவர் வேறொருவர். கல்வெட்டின் தலைப்பில் இருக்கும் மன்னர் பெயர் பெரும்பாலும் தேதிக்காக எழுதப்பட்டது. கொடையாளியைத் தேட இன்னும் கீழே வாசிக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் 13 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரையிலான பட்டினத்தைப் பற்றியவை. அதற்கு அடித்தளமான சோழர் காலத்தையும் தொட்டிருக்கிறோம்.

சூடாமணி விகாரத்தைக் கட்டியது ராஜராஜ சோழன்தானே?

இல்லை. கடல் கடந்த சுமத்ரா, மலாய்ப் பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணிவர்மர் தொடங்கி, அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் தந்தையின் பெயரால் முடித்த புத்தப் பள்ளி (பிக்குகள் தங்கும் விகாரம்) அது. ராஜராஜர் செய்தது வேறு: 1006-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் ஆட்சியாண்டில், பட்டினக்கூற்றத்து ஆனைமங்கலத்தின் வருவாயை அந்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான நிலக்கொடையாக, விட்டார். அவர் வாய்மொழியாக இட்ட ஆணையைச் செப்பேட்டில் நிலைப்படுத்தியவர் மகன் ராஜேந்திரர். இன்று, நெதர்லாந்தின் லைடன் நகரப் பெயரால், லைடன் பெரிய செப்பேடுகள் என்று சொல்லப்படும் 21 ஏடுகள் அவை.

கடல் கடந்த அரசன் கட்டிடத்தைத் தந்தான், உள்ளூர் அரசன் அது நிற்பதற்குச் சோறு போட்டான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பட்டினத்தின் கட்டிட வரலாறு புரியும். 1025-இல் ராஜேந்திரரின் கடற்படை அதே ஸ்ரீவிஜய அரசரின் கடாரத்தைத் தாக்கியது. ஆனால் 1090-இல், முதலாம் குலோத்துங்கர் காலத்தில், கடாரத்து அரசரின் தூதர்கள் வந்து கேட்டபோது பள்ளி நிலங்களுக்கு வரிவிலக்கு மறுபடியும் கிடைத்தது. மூன்று ஏடுகள் கொண்ட லைடன் சிறிய செப்பேடு இதைச் சொல்கிறது. அப்போது ராஜராஜப்பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப்பெரும்பள்ளி என்று இரண்டு பள்ளிகள் இருந்தன. பெயர்கள் சோழ மன்னர்களுடையவை, எடுப்பித்தது கடாரத்தார்.

நிலம் விடுவது என்றால் நடைமுறையில் என்ன நடந்தது?

அரசன் சொன்னதும் திருமந்திர ஓலை எழுதுபவர் அதை எழுதுவார். ஓலை நாயகம் என்ற மேலலுவலர் ஒப்பிட வேண்டும், வரிக்கணக்கு அலுவலர்கள் தங்கள் புத்தகத்தில் பதிய வேண்டும். அதன் பிறகே அந்த நாட்டாருக்கு ஓலை போகும். நாட்டார் எதிர்கொண்டு வந்து ஓலையைத் தலைமேல் வைத்து வாங்கி, ஒரு பெண் யானையை முன்னே நடக்கவிட்டு எல்லையைச் சுற்றி வருவார்கள். இதைத்தான் "பிடி சூழ்ந்து பிடாகை நடந்து" என்கிறது செப்பேடு. யானை சுற்றிய வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். வண்டல் நிலத்தில் வெள்ளம் வந்தால் வரப்பு அழிந்து போகும், கல் புதைந்து போகும். கள்ளி மட்டும் மறுபடி தழைக்கும். எல்லைக்கு இரண்டையும் சேர்த்து வைத்த காரணம் வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனைமங்கலத்திலிருந்து எவ்வளவு வந்தது?

97 வேலிக்கு மேற்பட்ட நிலத்துக்கு ஆண்டுக்கு 8,943 கலமும் இரு தூணி ஒரு குறுணி ஒரு நாழியும் நெல். வேலிக்கு 20 மா. இன்றைய கணக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். கலம் ஒன்றுக்கு 12 குறுணி (மரக்கால்), குறுணிக்கு 8 நாழி, 4 குறுணி ஒரு தூணி. வகுத்துப் பார்த்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் வருகிறது. நாழி வரைக்கும் கணக்கு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கடைசி நாழி யாருக்குச் சேரும் என்பதில்கூடச் சண்டை வரக்கூடாது என்றுதான் அப்படி எழுதினார்கள். வருவாய் ஏற்பாடுதான் கட்டிடக் கொடையில் அடிக்கடி தவறிப் போன இடமும். எடுப்பித்தவர் கட்டிடத்துக்குக் கொடுத்துவிட்டு, பழுது பார்ப்பதற்கு நிலம் விடாமல் போனால் இரண்டு தலைமுறையில் விமானத்தில் அரசமரம் முளைத்துவிடும். இதற்காகவே கல்வெட்டுகளில் "புதுக்குப்புறம்" என்ற பெயரில், புதுப்பிக்கும் செலவுக்கென்றே தனி நிலம் விடப்படுகிறது.

சீனக் கோபுரம் என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தூரத்தில், செங்கலால் ஆன நாற்கரக் கோபுரம். "புதுவெளிக் கோபுரம்" என்பது ஊர்ப் பெயர். டச்சுக்காரர்கள் அதைச் சீனக் கோயில் என்று குறித்திருக்கிறார்கள். கடலில் வருபவர்களுக்குக் கரை எங்கே என்று காட்டிய அடையாளமும் அதுதான். 1846-இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைகள் மிஞ்சியிருந்தன. நிலைகளுக்கு இடையே கொடுங்கை போன்ற வரிகள், நான்கு பக்கத்திலும் நடுவில் ஒவ்வொரு வாசல். செங்கற்கள் சாந்தே இல்லாமல் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தன என்று அவர் எழுதினார். அப்படிப் பொருத்த வேண்டுமானால் ஒவ்வொரு செங்கல்லின் முகத்தையும் தேய்த்துச் சமப்படுத்தியிருக்க வேண்டும்.

அதைக் கட்டியவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்று சீனாவிலிருந்து வருகிறது. 14-ஆம் நூற்றாண்டில் கடல் பயணம் செய்த வாங் தாயுவான், "பட்டினத்துச்" சமவெளியில் மரமும் கல்லும் சூழ நிற்கும் செங்கல் கோபுரம் ஒன்றை விவரிக்கிறார். அதில் சீன எழுத்தில், சியன்சுன் என்ற சீன ஆட்சிக்காலத்தின் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று பொறித்திருந்ததாம். அது 1267. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இரண்டும் ஒன்றே என்று கொள்கிறார்கள்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1267-இல் சோழ நாட்டில் மூன்றாம் ராஜேந்திரர் பெயரளவுக்கு ஆண்டுகொண்டிருந்தார், பாண்டியர் கை ஓங்கிவிட்டது. 1279-உடன் சோழர் ஆட்சி முடிந்தது. அரசு ஆட்டம் கண்ட அந்த நேரத்தில்தான் பட்டினத்தில் பல பத்தடி உயரக் கோபுரம் எழுந்தது. துறைமுகத்துக்குப் பணம் அரண்மனையிலிருந்து மட்டும் வரவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அந்தக் கோபுரம் இப்போது எங்கே?

இல்லை. 1867-இல் யேசு சபையினர் தங்கள் கல்லூரிக்காக அரசு அனுமதி பெற்று இடித்துவிட்டார்கள். அதே கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறியது. அறுநூறு ஆண்டு நின்றதற்கு அந்த இடத்தில் பதினாறு ஆண்டுகூடப் பொறுமை இல்லாமல் போனது இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

1856 முதல் அந்த வட்டாரத்தில் தோண்டத் தோண்டப் புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. எண்ணிக்கை ஏறக்குறைய 350. காலம் 11-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை. ஆகவே பட்டினத்தில் பௌத்தம் சோழரோடு முடிந்துவிட்டது என்று எழுதுவது சரியில்லை. 1476-இல் பர்மாவின் பெகு நாட்டிலிருந்து இலங்கை போய்த் திரும்பிய பிக்குகள் கப்பல் உடைந்து நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். இங்கே சீனதேசத்து மகாராஜா எடுப்பித்த குகை வடிவிலான இடத்தில் புத்தரை வணங்கினார்கள் என்று பெகுவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது.

தமிழர்கள் வெளிநாட்டில் இப்படிக் கட்டியதுண்டா?

உண்டு. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயில் எழுப்பிய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மங்கோலியப் பேரரசரின் ஆணை பெற்றே கட்டியிருக்கிறார். அங்கே கிடைத்த சிற்பங்களில் லிங்கத்தை யானை பூசிக்கும் காட்சி ஒன்று உண்டு. திருவானைக்கா தலபுராணம் தெரிந்த நம் ஊர்க்காரர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். பட்டினத்தில் சீனர் கோபுரம் முடிந்து பதினான்கு ஆண்டுகளில் சீனத்தில் தமிழர் கோயில். இரண்டையும் ஒரே வணிகப் பாதையின் இரண்டு முனைகளாகப் பார்க்க வேண்டும்.

சாதாரண மனிதர்கள் கொடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னக் கல்வெட்டுகளைத் தேடுங்கள். "இத்திருநிலைக்கால் இட்டான்" என்று வாசல் நிலையில் ஒரு வரி. "இத்தூண் இன்னார் தன்மம்" என்று தூணில் ஒரு வரி. மன்னரைப் புகழும் மெய்க்கீர்த்தி கிடையாது, பல நேரம் ஆண்டும் கிடையாது. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். ஒரு மண்டபத்தில் ஆறு தூணுக்கு ஆறு பேர் பெயர் இருந்தால், அந்த மண்டபம் ஒருவர் கட்டியதல்ல, பங்கு போட்டு எழுந்தது.

விளக்குக் கொடை இன்னொரு வழி. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அரை விளக்குக்கு 48. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். "சாவா மூவாப் பேராடு" என்ற சொல்லை வாசிக்கிற யாரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். சொத்தைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவழிக்கும் ஏற்பாடு அது.

வணிகர்கள் கூட்டாகக் கொடுத்தால் அது "பட்டணப்பகுடி" என்று வரும். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் கூடி, தங்கள் ஊர் வழியாகப் போகும் சரக்கில் உப்பு, நெல், பாக்கு, மிளகு என்று பொருள் வாரியாக ஒரு சிறு பங்கை ஒரு கோயிலுக்கு ஒதுக்குவார்கள். இந்த வகையில் விரிவான பட்டியல் கிடைப்பது டெல்டாவுக்கு வெளியே, சிவகங்கைச் சீமைப் பிரான்மலையில், 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில்.

கல்லே இல்லாத ஊரில் எப்படிக் கட்டினார்கள்?

நாகப்பட்டினத்தைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வண்டலும் மணலும்தான். கருங்கல்லுக்கு மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் கல்லை நகர்த்துவது பெரிய செலவு. அதனால் எடை தாங்க வேண்டிய, ஈரம் ஏறக்கூடிய இடங்களுக்கு மட்டும் கல், மேலே செங்கல்லும் சுதையும் என்பது கடற்கரை ஊர்களின் கணக்காக இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் டெல்டாவின் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றியதன் அருமை, இந்தத் தூரத்தை மனதில் வைத்தால்தான் தெரியும்.

செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. வண்டல் களிமண் சூளைக்கு, கடற்கரைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு.

கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து எப்படிச் செய்வது? எங்கே கெட்டுப்போகிறது?

பழைய கட்டிடத்தைப் பழுது பார்க்கிறவர்கள் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இன்றும் திருப்பணிகளில் கையாளப்படும் முறை இது.

முதலில் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்க வேண்டும். காளவாயில் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு கிளிஞ்சல் என்று மாற்றி மாற்றி இட்டு எரிக்க வேண்டும். வெந்த கிளிஞ்சல் உருவம் மாறாது, கையில் எடுத்தால் எடை குறைந்திருக்கும். தண்ணீர் தெளித்ததும் சூடு கிளம்பிப் பொலபொலவென்று மாவாக உதிர வேண்டும். உதிராமல் கட்டியாக நிற்பது வேகாதது, அதை எடுத்து எறிந்துவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்துத் தொட்டியில் தண்ணீருக்கடியில் பதினைந்து நாளாவது ஊறவிட வேண்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு ஆற்று மணல் சேர்த்துச் செக்கில் அரைக்க வேண்டும். பூச்சு வேலைக்கு மணல் குறையும், ஒன்றரைப் பங்கு போதும். நசுக்கிய கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த நீரை வடிகட்டி, தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவார்கள்.

தவறுகள் மூன்று இடத்தில் நடக்கின்றன. ஊறும் நாளைக் குறைத்தால் நீறாத துகள்கள் சுவருக்குப் போன பிறகு ஈரம் குடித்துப் புடைத்து, பூச்சில் காசு காசாகக் குழி விழும். கடற்கரை மணலைப் பயன்படுத்தினால் உப்பு பூத்து ஒவ்வொரு மழைக்கும் சுவர் வெளுக்கும், செங்கல் முகம் பொடியாக உதிரும். மூன்றாவதுதான் மிக மோசம்: பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவது. அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போகும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். சில ஆண்டுகளில் சிமெண்ட் ஏடு ஏடாகக் கழன்று விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். பார்ப்பவர்கள் பழைய கட்டிடம் பலவீனம் என்கிறார்கள். பலவீனம் புதிய பூச்சில்.

கல்வெட்டின் ஆண்டை நானே கணக்கிட முடியுமா?

முடியும், ஆனால் யாருடைய முறை என்று பார்க்க வேண்டும். சோழர் கல்வெட்டில் "யாண்டு 21" என்றால் ஆட்சிக்கு வந்த ஆண்டோடு கூட்டினால் போதும். பாண்டியர் கல்வெட்டில் "யாண்டு 13-ஆவதின் எதிர் 3" என்று வந்தால் இரண்டையும் கூட்டி 16 என்று கொள்ள வேண்டும். எதிராண்டை விட்டுவிட்டு உண்மையைவிட முந்தைய தேதியைச் சொல்வது பலரும் செய்யும் பிழை. விஜயநகரம், நாயக்கர் காலத்தில் சக ஆண்டும் அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரு பெயரும் சேர்ந்து வரும். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். தை, மாசி, பங்குனி தேதியாக இருந்தால் பெரும்பாலும் 79. சுழற்சிப் பெயரோடு பொருந்தவில்லை என்றால் ஓராண்டு தள்ளிப் பாருங்கள், கழிந்த ஆண்டை எழுதும் வழக்கமும் உண்டு.

இன்னொரு விஷயம். வரிகள் சன்னிதியின் அடித்தளத்தில் ஜகதி, குமுதம், பட்டிகை என்று ஒவ்வொரு உறுப்பிலும் சுற்றி ஓடும். ஒரு வரியை முடிக்கக் கருவறையையே வலம்வர வேண்டியிருக்கும். கல்வெட்டின் தொடக்கச் சொல்லான "ஸ்வஸ்தி ஸ்ரீ" எங்கே என்று தேடித் தொடங்குங்கள். நடுவில் பொருள் அறுந்தால் கல் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். திருப்பணியில் கல்லைப் பிரித்து மறுபடி அடுக்கும்போது தலைகீழாக வைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

எழுத்து தெளிவாகத் தெரியவில்லை. மாவு தேய்க்கலாமா?

வேண்டாம். மாவு, சாக்கட்டி, எண்ணெய் எதுவும் கல்லில் படக்கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், இல்லையென்றால் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். மைப்படி எடுப்பது பயிற்சியும் துறை அனுமதியும் பெற்றவர்கள் வேலை. கல்லைத் தூரிகையால் தண்ணீர்விட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் முக்கால் பங்கு காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் மை கசிந்து எழுத்து மூடிப்போகும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பும்.

சுத்தம் செய்கிறோம் என்று மணல் வீச்சு அடிப்பதைப் போல் நாசம் வேறில்லை. ஆயிரம் ஆண்டு மழை செய்யாததை ஒரு பிற்பகலில் செய்துவிடும்.

கடல் எத்தனை கட்டிடத்தைக் கொண்டுபோயிருக்கிறது?

தரங்கம்பாடியைப் பார்த்தால் ஓரளவு தெரியும். சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று கல்வெட்டுகள் சொல்லும் இந்த ஊரின் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியர் காலத்தில், 1305-ஐ ஒட்டி எழுந்தது. கரை அரிப்பில் அலை அதன் வாசல் வரை வந்து முன்பகுதியை இழுத்துக்கொண்டு போயிற்று. கடலில் விழுந்துகொண்டே இருந்த பக்கத்தில் செங்கல்லும் கல்லும் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது வெட்டுமுகமாகத் தெரிந்தது. அதே கரையில் 1620-இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்து டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

இஸ்லாமியர், கிறித்தவர் கட்டிடங்கள் இதில் சேருமா?

சேரும். கொடை கொடுக்கும் முறை ஒன்றுதான். நாகூர் தர்காவின் மனோராக்களில் (கோபுரங்களில்) மிக உயரமானது 131 அடி. 18-ஆம் நூற்றாண்டில் அதை எழுப்பித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பட்டினத்தில் குடியேறினார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, 1690-இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். அவர்கள் கோட்டைக்கு ஐம்புலன் என்று பொருள்படும் பெயர். கோட்டை இன்று இல்லை.

திருமங்கையாழ்வார் நாகைப் பொன் புத்தரை எடுத்துத் திருவரங்கத் திருப்பணி செய்தது உண்மையா?

வைணவ குருபரம்பரை மரபு அப்படிச் சொல்கிறது. கல்வெட்டுச் சான்று இல்லாத செய்தியை வரலாறாக எழுத முடியாது. ஆனால் பட்டினத்துப் பள்ளியில் பொன் இருந்தது என்று ஊர் நம்பியது என்பதற்கு இந்தக் கதையே சான்று.

இன்று போனால் எதைப் பார்க்கலாம்?

நாகையில் காயாரோகணசுவாமி கோயிலுக்குப் போங்கள். நீலாயதாட்சி சன்னிதியை வணங்கிவிட்டுச் சுவாமி சன்னிதியின் அடித்தளத்தை நிதானமாகச் சுற்றி வாருங்கள். ராஜேந்திரர் காலக் கல்வெட்டுகளில் ஸ்ரீவிஜய அரசரின் அலுவலர்கள் இந்தச் சிவன் கோயிலுக்குச் செய்த கொடைகள் இருக்கின்றன. சீனத்துப் பொன்னைச் "சீனக்கனகம்" என்றே எழுதியிருக்கிறார்கள். பௌத்தப் பள்ளி எடுப்பித்த அரசரின் ஆட்கள் சிவனுக்கு நகை செய்து போட்டிருக்கிறார்கள்.

சென்னை போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகைப் புத்தர்களைப் பாருங்கள். உச்சியில் தீச்சுடர் போல எழும் அமைப்புதான் நாகை வார்ப்பின் அடையாளம். எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பீடத்தையும் பாருங்கள். சிலவற்றில் எழுத்து இருக்கும், கொடுத்தவர் பெயர்.